மருவுக்கு வேர் கிடையாது

மருவுக்கு வேர் கிடையாது. மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில் நான் பேசிய பலரும் ஒன்றையே நம்புகிறார்கள்: மேலே தெரிவது கொஞ்சம்தான், உள்ளே எலும்பு வரை வேர் ஓடியிருக்கிறது, அதைப் பிடுங்கினால்தான் போகும். இந்த நம்பிக்கையால்தான் பிள்ளைகளின் விரலில் பிளேடு படுகிறது, ஊதுபத்தி நெருப்பு படுகிறது, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்த பசை படுகிறது.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வலது ஆள்காட்டி விரலில், நகத்தை ஒட்டி, சொரசொரப்பாக ஒரு மேடு வந்தது. நகம் கடிக்கும் பழக்கம் உள்ள பிள்ளை. சில மாதங்களில் பக்கத்து விரலிலும் வந்தது, பிறகு உதட்டோரத்தில் கடுகளவில் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில் என் கணவருக்கு உள்ளங்காலில், நடந்தால் கல் குத்துவதுபோல் வலிக்கும் ஒரு தடிப்பு. கொழுந்தனுக்குத் தாடை முழுவதும் தட்டையான சிறு புள்ளிகள். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாக வந்ததால், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இந்த நோயைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. மூன்றுக்கும் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்ற ஒரே குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை மருவில் பெரும்பாலும் 2, 27, 57 போன்ற வகைகள் இருக்கும். உள்ளங்காலில் 1ஆம் வகை அதிகம். முகத்தில் வரும் தட்டை மருவுக்கு 3, 10. ஆகவே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம் என்றும் சொல்லிவிட முடியாது.

எங்களுக்கு வைத்தியம் பார்த்த தோல் மருத்துவர் நிதானமானவர். மகளின் விரலைப் பூதக்கண்ணாடியில் காட்டி, மேட்டின் நடுவே இருந்த கரும்புள்ளிகளைப் பார்க்கச் சொன்னார். அந்தப் புள்ளிகளைத்தான் வீட்டில் எல்லோரும் வேரின் நுனி என்று நினைத்திருந்தார்கள். அவை மருவுக்குள் ஏறி வந்த மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். உள்ளே ரத்தம் உறைந்ததால் கறுத்துப்போனவை. வைரஸ் குடியிருப்பது மேல்தோலில் மட்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக மேல்தோலின் அடி அடுக்குக்குப் போகிறது. அங்கே உள்ள செல்கள் பெருகி மேலே ஏறி வரும்போது அவற்றோடு சேர்ந்து தானும் பெருகி, மேலே உதிரும் தோலோடு வெளியேறுகிறது. மேல்தோலைத் தாண்டி உள்தோலுக்கோ சதைக்கோ எலும்புக்கோ போவதில்லை. அப்படியானால் வெட்டி எடுத்த பிறகும் ஏன் வருகிறது? சுற்றியிருக்கும் தோல் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் அதிலும் வைரஸ் தங்கியிருக்கும். வெட்டிய காயமே அதற்குப் புது வாசலாகவும் அமைந்துவிடுகிறது.

இந்த நோய் ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மரு வைரஸ் தான் தங்கும் செல்லைக் கொல்வதில்லை, அழற்சியைக் கிளப்புவதில்லை, ரத்தத்தில் கலப்பதும் இல்லை. கதவை உடைக்காமல் திண்ணையிலேயே குடியிருந்துவிடும் ஆளைப்போல, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலே காலம் கழிக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் என்றைக்கு அதைக் கண்டுகொள்கிறதோ அன்றைக்கு எல்லா மருவும் ஒன்றாகச் சுருங்கத் தொடங்குகின்றன. பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எதுவும் செய்யாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடும் என்று மருத்துவர் சொன்னார். பெரியவர்களுக்கு அது தாமதமாகும்.

என் மாமியார் பேத்திக்காக வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தோம். வெல்லம் கரைவதுபோல மரு கரைந்துவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. நான் மனதார அந்தக் குளக்கரையில் நின்றேன். குழந்தையைக் காயப்படுத்தாமல் காத்திருக்கச் சொல்லும் எந்த வழியையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேண்டுதல் பலித்ததாகச் சொல்லும் ஆயிரம் குடும்பங்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பொறுத்திருந்தார்கள், அந்தப் பிள்ளைகளின் உடல் தன் வேலையைச் செய்தது.

ஆனால் சுண்ணாம்புப் பசையை மன்னிக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு விரலில் அதை வைத்துக் கட்டினார்கள். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேரும்போது சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுக்கப் பயன்படும் அதே காரம் அது. மருவை மட்டும் அரித்துவிட்டு நிறுத்த அதற்குத் தெரியாது. அந்தப் பையனின் விரல் மடக்கும் இடத்தில் தழும்பு இறுகிவிட்டது. மரு தழும்பின் ஓரத்தில் மறுபடி முளைத்தது. சேங்கொட்டைப் பாலும் முந்திரிக் கொட்டை எண்ணெயும் இதே ரகம்; சிலருக்கு ஒவ்வாமையால் கையே வீங்கிக் கொப்பளிக்கும். அம்மான் பச்சரிசிப் பால் மென்மையானது என்று நினைத்துப் பலர் தடவுகிறார்கள். அந்தப் பாலும் எரிச்சலூட்டக்கூடியதுதான். அதைத் தடவிய கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால் கருவிழி புண்ணாகிவிடும்.

சிகிச்சைக்கு முன்னால் அது மருதானா என்று தெரிய வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் காம்போடு மெத்தென்று தொங்கும் சிறு சதைகளையும் நாம் மரு என்றுதான் சொல்கிறோம். அவற்றுக்குக் காரணம் இந்த வைரஸ் அல்ல. உடல் எடை கூடியவர்களிடமும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படுபவை. அவை நிறைய இருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுவது நல்லது. முத்துப்போல் பளபளப்பாக, நடுவில் சிறு குழியோடு குழந்தைகளின் உடம்பில் வருபவை வேறொரு வைரஸால் வருகின்றன, அது அம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது.

கால் ஆணியோடுதான் குழப்பம் அதிகம். கணவரின் உள்ளங்காலைப் பார்த்தவர்கள் எல்லோரும் கால் ஆணி என்றே சொன்னார்கள். மருத்துவர் மேலாகச் சீவிப் பார்த்தார். ஆணியாக இருந்தால் சீவச் சீவக் கண்ணாடிபோல் ஒரு கெட்டி நடுப்பகுதி தெரியும், தோலின் ரேகைகள் அதன் மேலும் தொடரும். மருவில் ரேகைகள் அறுபட்டு விலகிப் போகும்; சீவியதும் கரும்புள்ளிகள் தெரியும், ஊசிமுனை அளவில் ரத்தம் துளிர்க்கும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழியும் சொன்னார்: நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி, இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. மருந்துக் கடையில் கால் ஆணிக்கென்று விற்கும் வட்டப் பிளாஸ்திரியில் இருப்பது பெரும்பாலும் 40 சதவீத சாலிசிலிக் அமிலம்தான். மருவுக்கும் அதே மருந்து உதவும் என்பதால் அதை ஒட்டியவர்களுக்குக் கொஞ்சம் குணம் தெரியும். முழுதாகக் குணமாவதற்குள் பிளாஸ்திரியை விட்டுவிடுவார்கள், மரு மீண்டும் வளரும்.

மகளுக்கு அவர் எழுதிக் கொடுத்தது சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் ஒவ்வொன்றும் 16.7 சதவீதம் கலந்த திரவம். பல பெயர்களில் சிறு புட்டியில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. மருந்தைவிட அதைப் போடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இரவு படுப்பதற்கு முன், விரலை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைப்போம். பிறகு உப்புத்தாளில் ஒரு சிறு துண்டு கிழித்து, ஊறி வெளுத்த மேல்பகுதியை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுப்போம். வலித்தாலோ சிவந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும், ரத்தம் வரும் வரை தேய்க்கக் கூடாது. அந்தத் துண்டு அன்றே குப்பைக்குப் போய்விடும். நல்ல நகத்துக்குப் பயன்படும் அரத்தை இதற்கு எடுக்கவே கூடாது. விரலை நன்றாகத் துடைத்து, மருவைச் சுற்றியிருக்கும் நல்ல தோலில் வாஸ்லின் தடவுவோம். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி மருந்தை எடுத்து மருவின் மேல் மட்டும் வைப்போம். அது காய்ந்து வெள்ளைப் படலமாக ஆனதும் மேலே ஒரு பிளாஸ்திரி. மருந்தைத் திறந்திருக்கும்போது அருகில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது, எளிதில் தீப்பற்றும்.

முதல் சில வாரங்கள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பெரும்பாலோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மூன்று மாதம் விடாமல் போட்டால்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் எங்களைக் காப்பாற்றியது. இடையில் தோல் புண்ணாகிச் சிவந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். உதட்டோரத்தில் இருந்ததில் இந்த மருந்தைத் தொடவே விடவில்லை. முகத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இது ஆகாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மருவல்ல, பள்ளிக்கூடம். ஒரு நாள் மகளைத் தனி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். விளையாட்டில் அவள் கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. எந்தப் பெற்றோரோ புகார் சொன்னார்களாம், இவளிடமிருந்துதான் தங்கள் பிள்ளைக்கு வந்தது என்று. நான் ஆசிரியையிடம் போய்ப் பொறுமையாகப் பேசினேன். இந்த வைரஸ் தோலுக்குள் நுழைந்த பிறகு மேடு தெரிய ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகும், சில சமயம் அதற்கும் மேல். யாரிடமிருந்து யாருக்கு என்பதை அவ்வளவு காலம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இது மிகச் சாதாரணம். மருவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் பக்கத்தில் உட்காருவதிலும் சேர்ந்து விளையாடுவதிலும் எந்தத் தடையும் இல்லை. மருத்துவரிடம் இதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். பெஞ்ச் மாறியது. இதுபோல் நடந்தால் தயங்காமல் சீட்டு கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

தொற்று என்பது உண்மைதான். 1907ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சுஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றிலிருந்து மனிதத் தோலில் மரு உண்டாவதைக் காட்டினார். பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த வைரஸுக்கு வெளியில் கொழுப்பு உறை கிடையாது. அதனால் நாம் கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவத்துக்கு எளிதில் சாவதில்லை, ஈரமான தரையிலும் துண்டிலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு நகவெட்டி, குளியலறைக்கு ஆளுக்கொரு செருப்பு. நகம் கடிக்கும் பழக்கத்தை மாற்றத்தான் பெரும்பாடு பட்டோம். விரலில் பிளாஸ்திரி இருந்ததே அதற்கும் உதவியது.

கொழுந்தனின் கதை சலூனில் இருக்கிறது. தட்டை மரு தாடையில் ஒன்றிரண்டு இருந்தபோதே தினமும் சவரம். பிளேடு போகும் பாதையெல்லாம் வைரஸை விதைத்துக்கொண்டே போனது. வரிசை வரிசையாக, கோடு போட்டதுபோல் முளைத்திருந்தன. மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, எப்படிச் சவரம் செய்கிறீர்கள் என்பதுதான். பிளேடை அறவே நிறுத்தி, தோலில் படாமல் வெட்டும் டிரிம்மருக்கு மாறச் சொன்னார். இரவில் தடவ டிரெட்டினாயின் களிம்பு கொடுத்தார். பெண்கள் புருவத்தை நூலால் திருத்திக்கொள்ளும்போதும் இப்படியே பரவும் என்றார். முகத்தில் அரிசி அளவில், தோல் நிறத்தில், தட்டையாக ஏதாவது தெரிந்தால் அழகு நிலையத்துக்குப் போவதைத் தள்ளிவைப்பது நல்லது. சலூன்காரரிடம் புது பிளேடு கேட்டால் மட்டும் போதாது, தன் முகத்திலேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவுவதை அது தடுக்காது.

கணவருக்கு மருந்து மட்டும் போதவில்லை. திரவ நைட்ரஜனால் உறையவைத்தார்கள். மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி. சில விநாடிகள்தான், ஆனால் வலி கடுமையானது. மறுநாள் கொப்புளம் எழும்பி, காலை ஊன்ற முடியாமல் சிரமப்பட்டார். மூன்று வாரம் போல இடைவெளி விட்டு மறுபடி செய்ய வேண்டும். இடையில் சாலிசிலிக் மருந்தையும் விடக் கூடாது. நம் கறுத்த தோலில் உறையவைத்த இடம் மாதக்கணக்கில் வெளுத்துத் தெரியலாம். முன்கூட்டியே தெரிந்தால் வெண்புள்ளி என்று பயப்படத் தேவையில்லை. மகளுக்கு இதைச் செய்ய மருத்துவரே விரும்பவில்லை. சிறு பிள்ளையால் அந்த வலியைத் தாங்க முடியாது, நகத்தின் அடியில் நகம் வளரும் இடம் பாதிக்கப்பட்டால் நகம் கோணலாகவே வளரும், விரலின் பக்கவாட்டில் நரம்பு ஓடுகிறது.

மின்சாரத்தால் சுட்டு எடுப்பதைச் சிலர் ஒரே நாளில் முடியும் வேலை என்று பரிந்துரைக்கிறார்கள். கை மருவுக்குச் சரி என்றாலும், உள்ளங்காலில் வேண்டாம் என்பதே என் எண்ணம். அங்கே ஏற்படும் தழும்பு, மரு போன பிறகும் ஒவ்வோர் அடிக்கும் வலிக்கலாம். பல மருக்கள் உள்ளவர்களுக்கு இப்போது இன்னொரு வழி இருக்கிறது: தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தைப் பெரிய மரு ஒன்றில் சிறிதளவு செலுத்துகிறார்கள். அந்த இடத்துக்கு விரைந்து வரும் எதிர்ப்புச் செல்கள் கூடவே மரு வைரஸையும் கண்டுகொள்கின்றன. ஊசி போடாத, தூரத்தில் உள்ள மருக்களும் சேர்ந்து மறைவதுண்டு. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் வெட்டாமல் சுடாமல் உடலைக் கொண்டே வேலையை முடிக்கும் முறை என்பதால் எனக்கு இதில் மரியாதை உண்டு. கணவருக்குக் கடைசியில் பலன் கொடுத்ததும் இதுதான்.

சர்க்கரை நோயாளிகள் காலில் மருவென்று தெரிந்தாலும் தாங்களாக அமிலம் வைக்கவே கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் மருந்து அரித்த புண் தெரியாமலே ஆழமாகிவிடும், விரலையே இழக்க நேரலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் போல எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு மரு ஏராளமாக வரும், அவர்களைத் தோல் மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு ஒரே ஒரு மேடு வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நகத்தடியில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, உள்ளங்காலில் கறுப்பு படர்ந்தாலோ அது தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

புற்றுநோய் என்ற சொல் எனக்கும் பெரும் பயமாக இருந்தது. பாப்பிலோமா வைரஸ்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று படித்த இரவு, மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. அடுத்த முறை போனபோது மருத்துவர் தெளிவாக விளக்கினார். கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பங்குக்குக் காரணம் 16, 18 ஆகிய வகைகள். விரலில் வரும் வகைகள் வேறு, அவை அங்கே போய்ப் புற்றாவதில்லை. பிறப்புறுப்பில் வரும் மருவுக்குப் பெரும்பாலும் 6, 11. அது பாலுறவு வழியாகப் பரவும் தனி நோய், அதற்குக் கடையில் வாங்கித் தடவும் மருந்து எதுவும் கூடாது. பூனாவின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் தடுப்பூசி இந்த நான்கு வகைகளுக்கும் எதிரானது. கை கால் மருவை அது தடுக்காது.

மகளின் விரல்களில் மாற்றம் ஒரேயடியாக வந்தது. பல மாதம் அசையாமல் இருந்தவை ஒரே வாரத்தில் கறுத்துச் சுருங்கின. மருந்தே படாத உதட்டோரத்து மருவும் கூடவே உதிர்ந்தது. மேடு தட்டையானதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விரல் ரேகை அந்த இடத்தின் மேல் தடையில்லாமல் மறுபடி ஓடுகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ஓடினால்தான் நிறுத்த வேண்டும். கணவரின் காலிலும் இப்போது எதுவும் இல்லை. கொழுந்தனுக்கு இன்னும் சில புள்ளிகள் மிச்சம், டிரிம்மரை அவர் விடவில்லை. மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அந்தத் தடுப்பூசியை ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போடுவது சிறந்தது என்பதால், முழுப் பரீட்சை முடிந்ததும் அவளை அழைத்துப் போகிறோம்.